சிறுவர் தோட்டக்கலைப் போட்டியை எங்கிருந்து சரிசெய்வது?

வேளாண் கண்காட்சியில் சிறுவர், இளைஞர் தோட்டக்கலைப் பிரிவை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: காட்சிக்கு வரும் காய், பூத் தட்டுகள் குறைந்துகொண்டே போகின்றன, வருவதும் அரைகுறையாக இருக்கிறது, முதல் நாள் மாலைக்குள் பாதி வாடிவிடுகிறது, முடிவு அறிவித்ததும் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். இன்னும் தேர்ந்த நடுவரைப் பிடித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது என்றுதான் சொல்வேன். நடுவர் மேஜைக்கு வரும்போது கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசிக்கு வித்து, பல மாதம் முன்னால் யாரோ அவசரமாக எழுதிய ஒரு வரி. ‘தக்காளி, 5’ என்று விதித்தாளில் இருக்கிறது. ஒரு குழந்தை ஐந்து செர்ரி தக்காளி கொண்டுவருகிறது, இன்னொன்று கைகொள்ளாத அளவில் ஐந்து கொண்டுவருகிறது, மூன்றாவது குழந்தை இரண்டு ரகத்தைக் கலந்து வைக்கிறது. இந்த மூன்றையும் எந்த நடுவர் எப்படி ஒப்பிடுவார்? யாருக்குப் பரிசு கொடுத்தாலும் மற்ற இருவருக்கும் அது அநியாயமாகத்தான் தெரியும்.

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு பிரிவையும் ஒரு பத்து வயதுக் குழந்தை தனியாகப் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுவது. தக்காளி என்றால்: ஒரே ரகத்தில் ஐந்து, நன்றாகப் பழுத்தவை, காம்போடு. செர்ரி தக்காளி தனிப் பிரிவு: பன்னிரண்டு பழம், குறுக்களவு 35 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. காம்பு விஷயத்தில் கண்காட்சிக்குக் கண்காட்சி வழக்கம் மாறும். சில இடங்களில் பச்சைக் காம்பு இருந்தால்தான் புதிதாகப் பறித்தது என்று தெரியும் என்பார்கள். சில இடங்களில் காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும், கிள்ளிவிட்டுக் கொண்டுவா என்பார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் தாளில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கேரட்டுக்கு இலையை எவ்வளவு விட்டு வெட்டுவது, வெங்காயத்தின் கழுத்தைக் கட்டுவதா வெட்டுவதா, உருளைக்கிழங்கைக் கழுவலாமா, தொட்டிச் செடியைக் குழந்தை குறைந்தது எத்தனை வாரம் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும், எல்லாம் இதே கணக்குதான். கடையில் நேற்று வாங்கிய பூந்தொட்டி இன்று பரிசு வாங்கிப் போவதைத் தடுக்க அந்தக் கடைசி விதி ஒன்று போதும். ஆறு வாரம் என்பது குறைந்தபட்சம். மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது.

விதித்தாளிலேயே செய்யக்கூடிய இன்னொன்றைப் பெரும்பாலான அமைப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள்: கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எதை எப்போது விதைக்க வேண்டும் என்று சொல்வது. முள்ளங்கிக்கு நான்கு வாரம் ஒட்டிப் போதும். செடி பீன்ஸுக்கு ஏழெட்டு வாரம். தக்காளிக்கு நாற்று நட்ட பிறகே ரகத்தைப் பொறுத்து 60 முதல் 80 நாள் ஆகும், அதற்கு முன் நாற்றங்காலில் ஒன்றரை மாதம். போட்டி அறிவிப்பு கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னால் வந்தால் குழந்தை முள்ளங்கி மட்டும்தான் போட முடியும். மீதியெல்லாம் வீட்டுத் தோட்டத்தில் அப்பாவோ தாத்தாவோ ஏற்கெனவே போட்டது. தட்டுகள் ஏன் குறைகின்றன என்று கேட்டீர்களே, அறிவிப்பு எந்த மாதம் வெளியாகிறது என்று முதலில் பாருங்கள்.

நிலம் இல்லாத குழந்தைகளை உள்ளே கொண்டுவர ஒரே வழி தொட்டிப் பிரிவுதான். அதிலும் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லோருக்கும் ஒரே ரகத்தில் ஓர் உருளை விதைக்கிழங்கும் ஒரே அளவுப் பையும் கொடுத்து, கண்காட்சி அன்று எல்லோர் முன்னாலும் பையைக் கவிழ்த்துக் கிழங்கை எடை போடுவது. நடுவரே வேண்டாம், தராசு போதும். கூட்டமும் அங்கேதான் கூடும். பரிசு வாங்காத குழந்தைகூடப் பக்கத்துப் பையைப் பார்த்துவிட்டு ‘நீ எத்தனை தடவை மண் அணைச்சே?’ என்று கேட்பதைக் காணலாம். அந்தக் கேள்விக்காகவே இந்தப் பிரிவை வைக்கலாம்.

‘இதர காய்கறிகள்’ என்று ஒரு பிரிவு எல்லாக் கண்காட்சியிலும் இருக்கும். நடுவருக்கு அது பெரிய தலைவலி. நூல்கோலையும் பாகற்காயையும் எதை வைத்து ஒப்பிடுவது? பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: நன்றாக வளர்த்தெடுக்கக் கடினமான காய்க்கு மொத்த மதிப்பெண்ணே அதிகம், எளிதாக வளர்வதற்குக் குறைவு. காலிஃபிளவருக்கு 20 என்றால் சிறு முள்ளங்கிக்கு 10. அப்போது குறையில்லாத முள்ளங்கியைச் சுமாரான காலிஃபிளவர் முந்திவிடக்கூடும். பெரியவர்களுக்கு இது சரி. பதினான்கு, பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சரி. சின்னக் குழந்தைகளிடம் இதைக் கொண்டுபோக வேண்டாம். அவர்களுக்கு ‘இதர’ பிரிவை எடுத்துவிட்டு, அதிகம் வரும் காய்களுக்குத் தனித்தனிப் பிரிவு வைத்துவிடுங்கள்.

அப்புறம் பரிசு முறை. முதல், இரண்டாம், மூன்றாம் என்று வரிசைப்படுத்துவது ஒன்று. ஒரு தரத்தை முன்கூட்டியே வைத்து, அதை எட்டிய எல்லோருக்கும் அந்தத் தரத்துக்கான ரிப்பன் கொடுப்பது மற்றொன்று. அமெரிக்காவின் 4-ஹெச் இளைஞர் அமைப்பில் இந்த இரண்டாவதை டேனிஷ் முறை என்பார்கள்: தரத்தை முழுதாக எட்டியதற்கு நீலம், சில குறைகளோடு நன்றாக இருப்பதற்குச் சிவப்பு, இன்னும் தேற வேண்டியதற்கு வெள்ளை. ஒரு பிரிவில் பத்துத் தட்டும் நன்றாக இருந்தால் பத்துக்கும் நீலம். ஒன்றுமே தேறாவிட்டால் நீலமே கிடையாது. சிறுவர் போட்டிக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. பக்கத்து மேஜைக் குழந்தை என்ன கொண்டுவந்தது என்பதை வைத்து என் கத்தரிக்காயின் தரம் மாறக்கூடாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இரக்கப்பட்டு எல்லாத் தட்டுக்கும் நீலம் கொடுக்கும் நடுவரிடம் இந்த முறை போனால் இரண்டே ஆண்டில் ரிப்பனுக்கு மதிப்பே இருக்காது. குழந்தைகள் அதை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்து முதல் எட்டு வயது வரை போட்டியே வேண்டாம். எல்லோருக்கும் ஒரே ரிப்பன், நடுவரோடு இரண்டு நிமிடப் பேச்சு, அது போதும். மூத்தவர்களுக்கு நீல ரிப்பன் வாங்கியவற்றிலிருந்து ஒன்றைச் சிறந்ததாகத் தேர்ந்தெடுக்கலாம். போட்டியின் சூடும் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்.

மதிப்பெண் தாள் இல்லாமல் எந்த நடுவரையும் உட்கார வைக்காதீர்கள். காய்கறித் தட்டுக்கு நான் போடுவது இப்படி: பொருளின் நிலை 30, ஒருசீராக இருப்பது 25, ரகத்துக்குரிய வடிவமும் நிறமும் 20, சமையலுக்கேற்ற அளவும் பதமும் 15, தட்டில் வைத்திருக்கும் விதமும் சீட்டும் 10. எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முன்கூட்டியே அச்சடித்து விதித்தாளோடு சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இதில் குழந்தைகள் அதிகம் கோட்டைவிடுவது ஒருசீராக வைப்பதில். வீட்டில் இருப்பதிலேயே பெரிய பழம் ஒன்று, அடுத்த பெரியது ஒன்று என்று ஐந்தைப் பொறுக்கி வருவார்கள். நடுவர் கண்ணுக்கு அந்தத் தட்டில் முதலில் படுவது பெரிய பழம் அல்ல, கடைசிப் பழம். ஒரே அளவில் நடுத்தரமான ஐந்து பழம், பெரிது சிறிதாகக் கலந்த ஐந்தை எப்போதும் வென்றுவிடும்.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்து காட்ட வேண்டும். கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு மாலை குழந்தைகளைக் கூப்பிட்டு, ஒரு கூடைத் தக்காளியைக் கொட்டி, ‘இதிலிருந்து ஐந்தை எடு’ என்று சொல்லுங்கள். எடுத்ததும், ஏன் இந்த ஐந்து என்று கேளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டுங்கள்: இதன் அடியில் கறுத்திருக்கிறது, செடிக்குத் தண்ணீர் சீராகக் கிடைக்காமல் காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததன் அடையாளம். இதன் தோளில் வட்ட வெடிப்பு, காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென மழையோ பாசனமோ வந்ததால். இதன் ஒரு பக்கம் வெளிறித் தோல் காகிதம் போலிருக்கிறது, இலை உதிர்ந்து வெயில் நேராகப் பட்டதால். அரை மணி நேரத்தில் குழந்தை பழம் பொறுக்கவும் கற்றுக்கொள்கிறது, தன் செடிக்கு என்ன ஆயிற்று என்றும் தெரிந்துகொள்கிறது. காட்சிப் பொருளின் தரத்தை உயர்த்த இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

அதே மாலையில் மற்ற காய்களையும் தொட்டுக் காட்டிவிடலாம். கத்தரிக்காயில் பளபளப்பு போய்விட்டால் உள்ளே விதை முற்றிவிட்டது. வெண்டையின் நுனி உடைய வேண்டும், வளையக்கூடாது. பீன்ஸை நடுவர் ஒன்று எடுத்து ஒடித்துப் பார்ப்பார், சத்தம் கேட்க வேண்டும். வெள்ளரியின் மேலிருக்கும் மெல்லிய வெண்பூச்சைத் துடைத்துவிடக்கூடாது. வெங்காயத்தைப் பளபளப்பாக்குகிறேன் என்று தோல் தோலாக உரித்துவிடுவார்கள், அது பெரிய தவறு. முழுத் தோலோடு, இரண்டு மூன்று வாரம் காற்றாட உலர்ந்த வெங்காயம்தான் மதிப்பெண் வாங்கும். உருளைக்கிழங்கைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் தோல் உரியும். வெளிச்சத்தில் வைத்தால் பச்சை ஏறும், அது அழகுக் குறை மட்டுமல்ல, சோலனைன் என்ற நச்சும் கூடவே சேர்வதால் நடுவர் தயங்காமல் தள்ளிவிடுவார். கேரட்டின் தோள் பச்சையாக இருந்தால் மண் அணைக்கவில்லை என்று பொருள். தக்காளி, வெள்ளரி, கத்தரி மூன்றையும் முந்தின வாரமே பறித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். பத்து டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் தோலில் குழி விழும், வெளியே எடுத்ததும் சீக்கிரம் கெடும்.

பூக்கள் தனி உலகம். வாடுவதைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் வெட்டும் நேரத்தில் இருக்கிறது. நடுப்பகலில் வெட்டிய பூவை எந்தக் குவளையும் காப்பாற்றாது. அதிகாலையில் வெட்டி, உடனே சுத்தமான வாளித் தண்ணீரில் கழுத்தளவு முக்கி, நிழலான குளிர்ந்த இடத்தில் சில மணி நேரம் விட வேண்டும், முடிந்தால் முந்தின நாளே வெட்டி இரவு முழுக்க. தண்ணீருக்குள் முங்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகிக் காம்பின் குழாயை அடைக்கும். ஜினியாவை வெட்டுமுன் காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தலை தொங்கி ஆடினால் இன்னும் முதிரவில்லை, வெட்டினால் கவிழ்ந்துவிடும். விறைப்பாக நின்றால் வெட்டலாம். டாலியா மொட்டாக வெட்டினால் விரியாது. கிளாடியோலஸ் கீழிருந்து மேலாகத் தானே விரிந்துகொண்டு போகும்.

கூடாரத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழுத்த ஆப்பிள், தக்காளித் தட்டுகளுக்குப் பக்கத்தில் பூ மேஜையைப் போடாதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவுக்குக் கார்னேஷன் போன்ற பூக்கள் சுருண்டுவிடும். காற்றோட்டம் இல்லாத கூடாரத்தில் ஒரே இரவில் இது நடக்கும். குழந்தை என்னவோ தான்தான் தப்பாக வெட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

தொட்டிச் செடிகளை உள்ளே விடுமுன் வாசலிலேயே இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி உள்ள ஒரு தொட்டி மூன்று நாளில் மேஜை முழுவதையும் கெடுத்துவிடும். அதைப் போட்டியிலிருந்து நீக்க வேண்டாம், தள்ளித் தனியாக வைத்து மதிப்பிடுங்கள், குறையைச் சொல்லுங்கள். அரளி, ஆமணக்கு போன்ற நச்சுச் செடிகளைச் சிறுவர் பிரிவில் சேர்க்கவே கூடாது என்று விதித்தாளிலேயே போட்டுவிடுங்கள். இலையில் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவதையும்.

வாசல் மேஜை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. விதிப்படி ஐந்து இருக்க வேண்டிய தட்டில் ஆறு இருந்தால், பெரியவர்கள் போட்டியில் நடுவர் ‘விதிக்குப் பொருந்தவில்லை’ என்று சீட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். குழந்தைக்கு அப்படிச் செய்வது கொடுமை. பதிவு மேஜையில் பொறுமையான ஒருவரை உட்காரவைத்து, எண்ணிப் பார்த்து, ‘ஒன்று கூட இருக்குப்பா, எதை எடுத்துடலாம்னு நீயே சொல்லு’ என்று கேட்க வைத்தால் முடிந்தது. அந்தத் தேர்வும் ஒரு பாடம்தான்.

இனி, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது: குழந்தையை எதிரில் உட்கார வைத்து மதிப்பிடுவது. மூடிய கூடாரத்துக்குள் நடுவர் போய்வந்து, கதவு திறந்ததும் குழந்தை ஓடிப்போய் ரிப்பன் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில் ஒரு பயனும் இல்லை. ஏன் சிவப்பு என்று அதற்குக் கடைசிவரை தெரியாது. நேரம் போதாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அறுபது குழந்தைகள், ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் ஒரே நடுவருக்கு ஆறு மணி நேரம், மூன்று நடுவர் என்றால் இரண்டு மணி நேரம். முன்பதிவில் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டால் வரிசையும் நிற்காது.

அந்த ஆறு நிமிடத்தில் பேச்சு எப்படிப் போக வேண்டும்? வெண்டைத் தட்டு ஒன்று முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு காயில் இரண்டு முற்றல். நடுவர் ‘இது முற்றல்’ என்று ஆரம்பித்தால் குழந்தை அங்கேயே வாயை மூடிவிடும். ‘காய் எல்லாம் நேரா, கீறல் இல்லாம கொண்டுவந்திருக்கே, எதுல வெச்சுக் கொண்டுவந்தே?’ என்று கேட்டால் அது பேசத் தொடங்கும். ‘எத்தனை நாளைக்கு ஒரு தடவை பறிப்பே?’ ‘சனிக்கிழமை மட்டும் சார்.’ ‘சரி, இந்த ரெண்டையும் நுனியை ஒடிச்சுப் பாரு.’ இரண்டும் வளைகின்றன. ‘இப்போ மத்ததுல ஒண்ணை ஒடி.’ டக்கென்று உடைகிறது. இதற்கு மேல் நடுவர் விளக்க வேண்டியதே இல்லை. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும் என்று அந்தக் குழந்தை தானே சொல்லிவிடும். கடைசியில் ‘அடுத்த தடவை என்ன மாத்திச் செய்வே?’ என்று ஒரு கேள்வி. பதிலை மதிப்பெண் தாளின் அடியில் குழந்தையின் சொற்களிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செடியை யார் வளர்த்தது என்ற சந்தேகமும் இந்தப் பேச்சில் தானாகத் தீர்ந்துவிடும். தினமும் தண்ணீர் ஊற்றிய குழந்தை கேட்காமலே பத்து விஷயம் சொல்லும், அணில் வந்ததிலிருந்து. மற்றவர் வளர்த்ததைத் தூக்கிவந்த குழந்தைக்கு ரகத்தின் பெயர்கூடத் தெரியாது. அதற்காகக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். ‘வளர்த்த முறை பற்றிய அறிவு’ என்று தாளில் பத்து மதிப்பெண் சேர்த்துக்கொண்டால் போதும், நியாயம் தானே வந்துவிடும். பெற்றோர் பத்தடி தள்ளி உட்காரட்டும். பக்கத்தில் இருந்தால் பதில் அவர்களிடமிருந்துதான் வரும்.

நடுவர்களுக்கும் அரை மணி நேரப் பயிற்சி தேவை. மூன்று மாதிரித் தட்டுகளை வைத்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒருவர் 85, இன்னொருவர் 60 போட்டிருப்பார். ஏன் என்று பேசி முடித்த பிறகு நிஜத் தட்டுகளுக்குப் போகட்டும். தோட்டக்கலை படித்தவராக இருந்தால் மட்டும் போதாது. குழந்தையிடம் பேசத் தெரியாத நிபுணரைவிட, நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு சாதாரணக் காய்கறி விவசாயி மேல். வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ள நடுவர்களுக்கு ஒரு வார்த்தை: எப்போது மருந்து அடித்தார்கள், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தார்கள் என்று கேட்காமல் எதையும் கடிக்காதீர்கள். அந்தக் கேள்வியே குழந்தைக்குக் காத்திருப்புக் காலம் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்.

இளைஞர்களிடம் தோட்டக் குறிப்பேடும் கேளுங்கள். விதைத்த தேதி, முதல் பூ, உரம், செலவு, எடை, அவ்வளவுதான். இது புதிதும் அல்ல. 1910-இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து எய்க்கனில் மேரி க்ரோமர் என்ற ஆசிரியை தொடங்கிய சிறுமிகளின் தக்காளிக் கழகத்தில், ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர் நட்டு, விளைந்ததை டப்பாக்களில் அடைத்து விற்றார்கள். அத்தகைய கழகங்களிலிருந்துதான் 4-ஹெச் வளர்ந்தது. தட்டில் உள்ள ஐந்து பழம் எப்படி இருக்கிறது என்பதோடு வயல் முழுக்க என்ன விளைந்தது, என்ன மிஞ்சியது என்பதும் அங்கே கணக்கில் வந்தது. இன்று நாம் தட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

காட்சி வைப்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேஜை உயரம் குழந்தையின் கண்ணுக்கு ஏற்றதாக இருக்கட்டும், வெயில் படாத பக்கமாக. ஒவ்வொரு தட்டின் முன்னாலும் ரகத்தின் பெயரும் நடுவரின் ஒரு வரிக் குறிப்பும். மதிப்பீடு முடிந்ததும் ஒரு காயை நெடுக்காக வெட்டி வைத்தால் பார்க்க வருபவர்கள் நின்று பார்ப்பார்கள். முதல் நாளே தட்டைப் படம் எடுத்துக்கொண்டு, வாடியதும் பொருளை எடுத்துவிட்டுப் படத்தை வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் அழுகிய கீரைக்கு முன்னால் நீல ரிப்பன் தொங்குவதைப் போல அசிங்கம் வேறில்லை.

பெற்றோரின் சண்டைக்கு: முறையீடு எழுத்தில் மட்டும், முடிவு அறிவித்த இரண்டு மணி நேரத்துக்குள், விதி மீறப்பட்டது என்ற காரணத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் பழம்தான் அழகு’ என்பது முறையீடு ஆகாது. மதிப்பெண் தாளின் நகல் ஏற்கெனவே குழந்தை கையில் இருப்பதால், முறையிட வருபவர்களில் பலர் அதைக் குழந்தையிடம் வாங்கிப் படித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். மிச்சமிருப்பவர்களோடு பேச, நடுவர் அல்லாத, குரல் உயர்த்தாத ஒருவரை முதலிலேயே நியமித்துவிடுங்கள். நடுவரை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.